செருப்பாக விளைந்த உப்பு

பூவரசங்குடா உப்பளத்தில் பதினாறு வருசத்துக்குப் பிறகு முதல் உப்பு விளைந்தபோது அது செருப்பாக விளைந்தது. வலது கால் செருப்பு, ஆம்பிளைச் செருப்பு, குதிப்பக்கம் தேய்ந்து, அறுந்த வாரை ஊசி குத்தி மாட்டியிருந்ததுகூட அப்படியே வெள்ளை உப்பில். வாரப் போன பெண்கள் பலகைகளை வரம்பில் சாத்திவிட்டு அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். "ஊசி குத்தின செருப்பெண்டால் அது எங்கட மாமாதான்" என்றாள் ஒருத்தி. சொல்லிவிட்டு இரண்டு கையாலும் அதைத் தூக்கி, தண்ணீர் வடிய விட்டு, தன் சாப்பாட்டுப் பையை வெறுமையாக்கி அதற்குள் வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள், வெயில் ஏறுவதற்குள் அந்தப் பாத்தியை வாரி முடிக்க வேண்டியிருந்தது.

அடுத்த நாள் கிழக்குப் பாத்தியில் ஒரு டோர்ச் லைட்டும் ஒரு மூக்குக்கண்ணாடியும் விளைந்தன, மூன்றாம் நாள் மடித்த சாரம் ஒன்றும் சின்னப் பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலும், நான்காம் நாள் முழங்காலுக்குக் கீழே மாட்டுகிற பொய்க்கால் ஒன்று, பட்டி பிசகாமல், கொளுவி பிசகாமல். ஒரு கிழமை முடிவதற்குள் ஊருக்கு விளங்கிவிட்டது, இவை சண்டையின் கடைசி நாட்களில் சனம் கையில் கொண்டு நடந்த சாமான்கள் என்றும், அவற்றிலும் கொண்டு போனவர் திரும்பி வராத சாமான்கள் மட்டுந்தான் உப்பில் வருகின்றன என்றும். உயிரோடு மீண்டவர்கள் வழியில் எறிந்துவிட்டு வந்த தையல் மெஷினோ தேங்காய் துருவியோ ஒன்றுகூட விளையவில்லை. ஏன் இப்படி என்று தொடக்கத்தில் கேட்டவர்கள் இருந்தார்கள். மேற்பார்வையாளர் துரைசிங்கம் வரம்பு மண்ணில் பிழை என்றார், தேவாலயத்துப் பங்குச் சுவாமி தொப்பியைக் கழற்றினார். இரண்டாம் கிழமையில் கேட்பது நின்றுபோயிற்று, கேள்வியைவிட வேலை கூடிவிட்டது.

பலகையால் வாரினால் உடையும் என்பதால் பெண்கள் கையால் வாரத் தொடங்கினார்கள், உப்புக் காயம் விரல்களில் பிளந்து பிளந்து ஆறியது. வாரியதை உப்புக் கொட்டிலில் சாக்கு விரித்து அடுக்கினார்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து சனம் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் பிடித்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, சிலர் கண்டுபிடித்தும் பலர் கண்டுபிடிக்காமலும் திரும்பினார்கள். ஆடுகள்தான் பெரிய கரைச்சலாக இருந்தன. ஆட்டுக்கு உப்பென்றால் உயிர். ஒரு மத்தியானம் காவலுக்கு இருந்தவள் கண்ணயர்ந்த நேரம் ஒரு மறி உள்ளே புகுந்து ஒரு சாப்பாட்டுப் பெட்டியை மூடியிலிருந்து அடிவரைக்கும் நக்கித் தீர்த்துவிட்டது, அதற்காக இரண்டு குடும்பத்தார் ஒருவரோடொருவர் கதைக்காமல் விட்டார்கள், பிறகு ஊரே கூடிக் கொட்டிலுக்கு முள்ளுக்கம்பி அடித்தது. எல்லோரும் ஒரு காலம் முகாமில் முள்ளுக்கம்பிக்குள் இருந்தவர்கள்.

மேற்குப் பக்கத்து ஒன்பது பாத்திகள் சுகிர்தமலரின் பொறுப்பு. நாற்பத்தாறு வயது, மெலிந்த, கதை குறைந்த பெண். புருசன் ஞானசீலன் போய்ப் பதினைந்து வருசம், மகள் மதுசிகாவை ஒற்றை ஆளாய் வளர்த்து உயர்தரம் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறாள். அவளுடைய ஒன்பது பாத்தியிலும் உப்பு உப்பாகவே விளைந்தது. "உனக்கும் வரும் பிள்ளை, பொறு" என்று பக்கத்துப் பாத்திக்காரி திரேசாக்கா தேற்றுவாள். திரேசாக்காவின் ஒரே மகன் ஜெனிஸ்ரன் பத்தொன்பது வயதில் காணாமல் போனவன், அவளுக்கும் இன்னும் ஒன்றும் விளையவில்லை, ஆனால் அவள் ஒவ்வொரு காலையும் பாத்திக்குள் இறங்கும்போது பிள்ளை பெறப்போகிறவளைப் போல முகம் வைத்திருந்தாள். சுகிர்தமலர் அதற்கு நேரெதிர். ஒவ்வொரு காலையும் வரம்பில் நின்று, தண்ணீருக்குள் வெறும் உப்பைக் கண்டு, அப்பாடா என்று மூச்சு விட்டாள். அந்த மூச்சை யாரும் கேட்டுவிடக்கூடாது என்று தலைத்துண்டை வாய்வரைக்கும் இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

ஆவணி முதற்கிழமை மட்டக்களப்பிலிருந்து நிரோசினி வந்தாள். ஓவியம் படித்தவள், அதைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். நாலு வருசமாக ஊர் ஊராகக் கடதாசிச் சுருள்களோடு போய், இழந்தவர்களையே வரையவைத்து, அவர்கள் வாயாலேயே விபரம் கேட்டு எழுதிச் சேர்க்கிறவள். கொட்டிலுக்குள் வந்து பார்த்தவள் அழுவாள் என்று பெண்கள் எதிர்பார்த்தார்கள். அவளோ, "மழை எப்ப வரும்?" என்று கேட்டாள்.

"ஐப்பசி பிறந்தால் வந்திடும்" என்றாள் திரேசாக்கா.

"அப்ப எங்களுக்கு ரெண்டு மாசந்தான் இரிக்கு. இது கரையிற சாமான். கரையிறதுக்கு முன்னம் ஒண்டும் விடாம வரைஞ்சிரணும். நான் வரையமாட்டன், நீங்கதான் வரையணும். பக்கத்துல எழுதுவம், யார்ட சாமான், எங்க, எந்த நாள், கடைசியாக் கண்டது யார். கண்ணால கண்டத மட்டும் எழுதுவம். கேள்விப்பட்டது வேற கொப்பி."

இப்படித்தான், பாத்தி வேலை முடிந்த பத்து மணிக்குப் பிறகு, உப்பு வாரி வெடித்த விரல்கள் கரித்துண்டு பிடிக்கத் தொடங்கின. பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து ஒரு கோடும் கீறாத பெண்கள் ஒரு கண்ணாடிச் சட்டத்தின் வளைவுக்காக நாள் முழுக்க அழித்து அழித்து வரைந்தார்கள். "இல்லை, என்ர மனுசன்ர கண்ணாடி இடப்பக்கம் கொஞ்சம் பதிவு, வலது காது மேல" என்று ஒருத்தி சொல்வாள், சொல்லும்போதுதான் வலது காது மேல் என்பது அவளுக்கே பதினைந்து வருசத்துக்குப் பிறகு ஞாபகம் வரும், ஞாபகம் வந்ததும் கரித்துண்டை வைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்சநேரம் கடற்காற்றில் நின்றுவிட்டு வருவாள். வந்து வலது காதை எழுதுவாள்.

சுகிர்தமலரிடமும் புருசனைப் பற்றி நிரோசினி கேட்டாள். "அவரைக் கொண்டு போனவங்கள்" என்றாள் சுகிர்தமலர். "எங்க வச்சு?" "பாலத்தடியில." "நீங்க கண்டீங்களா அக்கா?" "சனத்துக்க ஒண்டும் வடிவாத் தெரியேல்லை." நிரோசினி அதை எழுதாமல் பேனாவை மூடி வைத்தாள்.

இந்த நேரத்தில்தான் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வரத் தொடங்கினார். எந்த அரசாங்கக் கந்தோர் என்று அவரும் சொல்லவில்லை, கேட்கவேண்டிய தேவையும் ஊருக்கு இருக்கவில்லை. மடிப்புக் கலையாத சேர்ட், கையில் போன். கொட்டில் வாசலில் துரைசிங்கத்தின் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் எல்லோரையும் படம் எடுப்பார். "இந்த அச்செல்லாம் எங்க செய்யிறீங்கள்? ஆர் அனுப்பிறது?" என்று நல்ல தமிழில், சிரித்த முகத்தோடு கேட்பார். "அது விளையுது ஐயா" என்பார்கள் பெண்கள். "உப்பு விளையும், நம்பர் போட்ட டோர்ச் லைட் விளையுமோ?" "விளையுது ஐயா." நாலாம் நாள் துரைசிங்கத்துக்கு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது, உருவப் பிழையான உப்பையெல்லாம் உடைத்து மூட்டை கட்டும்படி. துரைசிங்கம் பயந்த மனிதர், ஆனால் அவருடைய தம்பியின் குடைக்காம்பு கொட்டிலில் ஏழாம் வரிசையில் இருந்தது. சாக்கு இல்லை என்று பதில் எழுதினார். சாக்கு வந்தது. கட்டக் கயிறு இல்லை என்று எழுதினார்.

புரட்டாசி நடுப்பகுதி, காலை ஆறரை மணி, சுகிர்தமலரின் கடைசிப் பாத்தியில் அது விளைந்தது. ஒரு முழத்துக்கும் சற்றுக் கூடிய நீளம், ஒரு சாண் அகலம், நாலு மூலையிலும் ஆணித் துவாரம். தட்டையாய், கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீருக்கடியில், எழும்பி நின்ற இலக்கங்கள். ஒரு வண்டியின் நம்பர்த் தகடு, யாரும் கையில் கொண்டு நடக்காத முதற் சாமான். அவளுக்கு வாசிக்கத் தேவையிருக்கவில்லை. வரம்பிலிருந்து பாய்ந்து இறங்கி, தோளில் கிடந்த ஈரச் சாக்கை அதன்மேல் விரித்து, சாக்கின் மேலேயே குந்திவிட்டாள்.

"என்னடி பிள்ளை, காலை வெட்டிப்போட்டுதே?" என்றாள் திரேசாக்கா அடுத்த பாத்தியிலிருந்து.

"ஒண்டுமில்லை அக்கா. தலைச்சுத்து."

அன்றைக்கென்று மோட்டார் சைக்கிள்காரர் நேரத்தோடு வந்திருந்தார். கதிரையிலிருந்து எழும்பி, சப்பாத்து நனையாமல் வரம்பு வரம்பாக நடந்து வந்து, அவளுக்கு முன்னால் நின்றார். "எழும்புங்கோ" என்றார். அவள் எழும்பவில்லை. "தங்கச்சி, எழும்புங்கோ" என்று இரண்டாம் முறை சொன்னபோது சிரிப்பு இருக்கவில்லை. அவள் எழும்பினாள். அவர் சாக்கை ஒரு முனையில் பிடித்துத் தூக்கினார், பார்த்தார், கொஞ்சநேரம் பார்த்தார், பிறகு நனைவதைப் பற்றி யோசிக்காமல் வலது சப்பாத்தைத் தண்ணீருக்குள் விட்டு மிதித்தார். உப்பு முறிகிற சத்தம் அப்பளம் நொறுங்குவது போல எல்லாப் பாத்திக்கும் கேட்டது. பெண்கள் நிமிர்ந்தார்கள். அவர் காலைத் திருகி இன்னொருமுறை மிதித்தார்.

ஓடிவந்து சூழ்ந்தபோது தகட்டில் பாதிதான் மிச்சம். 62 என்றும், ஒரு கோடும், 73 என்றும் இருந்தது. அதற்குப் பிறகு கலங்கிய தண்ணீர்.

கொட்டிலிலிருந்து ஓடிவந்த நிரோசினி வரம்பில் மண்டியிட்டு அந்தப் பாதியைக் கையில் ஏந்தினாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள். "மிச்ச ரெண்டு நம்பரையும் கண்டவங்க யாரும் இரிக்கிறீங்களா?"

"ஒருதரும் காணேல்லை" என்றார் மோட்டார் சைக்கிள்காரர், ஒவ்வொரு முகமாகப் பார்த்து. "அப்பிடித்தானே?"

கடற்பக்கம் நீர்க்காகம் ஒன்று கத்தியது. பதினேழு பெண்களும் குனிந்து தண்ணீரைப் பார்த்தார்கள். சுகிர்தமலர் தன் நனைந்த பாவாடையைப் பிழிந்துகொண்டு நின்றாள், பிழிந்த தண்ணீர் வடிந்து முடிந்த பிறகும் பிழிந்துகொண்டே நின்றாள். மதுசிகா இந்நேரம் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருப்பாள், ஆலடிச் சந்தியில் அவள் தனியே திரும்பவேண்டும், அந்தச் சந்தி இந்த மனிதருக்குத் தெரியும். விசாரணைக்கு வந்த பெரியவர்கள் முன்னால் ஒருமுறை அவள் வாயைத் திறக்கப் போனபோது, அந்த நாளில் அந்த இடத்துக்கு எந்த பஸ்ஸும் போகவில்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், வெளியே வரும்போது யாரோ ஒருவன் பக்கத்தில் நடந்து, "பொம்பிளைப் பிள்ளை இருக்குதுதானே" என்று மட்டும் சொல்லிவிட்டு விலகினான். அன்றிலிருந்து பாத்திரம் கழுவும்போதும், பிள்ளைக்குத் தலை வாரி இழுக்கும்போதும், ஒரு நாளைக்கு நூறு தரம், உதடு அசையாமல் சொல்லிவந்த இலக்கம் அது.

"நாற்பத்தொண்டு" என்றாள் சுகிர்தமலர்.

"என்ன?" என்றார் அவர்.

"அறுபத்திரண்டு, எழுபத்துமூண்டு நாற்பத்தொண்டு. சிவப்பு பஸ். முன் கண்ணாடி வெடிச்சிருந்தது. பாலத்தடியில நிண்டது. எழுதுங்கோ நிரோசினி. நான் கண்ணால கண்டது." சொல்லத் தொடங்கியதும் நிறுத்த அவளுக்குத் தெரியவில்லை. "ஆமிக்காரர் ஒலிபெருக்கியில அறிவிச்சவங்கள், இயக்கத்தோட ஒரு நாள் நிண்டிருந்தாலும் வந்து பதியச்சொல்லி. என்ர மனுசன் பதினொரு நாள் பங்கர் வெட்டப் போனவர், இயக்கம் பிடிச்சுக்கொண்டு போய் வெட்ட வைச்சது. இவர் மாட்டன் எண்டவர். நான்தான் போங்கோ எண்டனான். ஒளிச்சால் பிள்ளைக்குத்தான் ஆபத்து, பதிஞ்சுபோட்டு வாங்கோ எண்டு நான்தான் அனுப்பினனான். ஒருதரும் இழுத்துக்கொண்டு போகேல்லை. நான்தான் ஏத்திவிட்டனான்."

நிரோசினி எழுதினாள். மோட்டார் சைக்கிள்காரர் போனை எடுத்து அவளுடைய முகத்தைப் படம் பிடித்தார், ஒன்றல்ல, மூன்று.

"சுகிர்தா" என்று திரேசாக்கா பின்னாலிருந்து கூப்பிட்டாள். அந்தக் குரலில் பிள்ளை என்ற சொல் இருக்கவில்லை. "சிவப்பு பஸ் எண்டால், அதில ஆரார் ஏறினது? என்ர மோன்?"

சுகிர்தமலர் திரும்பினாள். "ஓம் அக்கா. இவருக்குப் பின் சீட். யன்னல் பக்கம். கையில மாலை சுத்தியிருந்தவன்."

"பதினைஞ்சு வருசம்" என்றாள் திரேசாக்கா. "நான் எத்தினை காம்ப், எத்தினை மறியற்சாலை வாசல், ஒவ்வொரு வாசலா நிண்டு திரிஞ்சன். நீயும் என்னோட வந்தனி. பஸ்ஸுக்கு நிண்டு, வெயிலுக்க நிண்டு, என்ர தண்ணிப் போத்தலை வேண்டிக் குடிச்சனி. வாயைத் திறக்கேல்லையே நீ." அடிப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் அடிக்கவில்லை, தன் சாக்கை எடுத்துக்கொண்டு, நடு வரம்பால் நடந்து, வீட்டுக்குப் போனாள்.

அதன் பிறகு பதினொரு நாள் திரேசாக்கா அவளோடு கதைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் சுகிர்தமலரை வாக்குமூலத்துக்கு வரச்சொல்லிக் கடதாசி வந்தது. சொன்ன நாளில் காலை எட்டு மணிக்குக் கந்தோருக்குள் போனவளை ஒரு வாங்கில் இருத்திவைத்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை, பத்து மணிக்கு வேறு அறை, வேறு வாங்கு, பன்னிரண்டு மணிக்கு ஒருவர் வந்து, "அந்த நம்பரை ஆர் சொல்லித் தந்தது?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனார். மகள் வெளியில் படலையடியில் நிற்கிறாள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும், யன்னலால் பார்க்க முடியவில்லை. தனியே நிற்கிறாளா? யாராவது பக்கத்தில் போய்க் கதைக்கிறார்களா? சுவரில் மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. மூன்றரை மணிக்கு வந்தவர் அதே கேள்வியை மறுபடி கேட்டார். "ஒருதரும் சொல்லித் தரேல்லை. நான் வாசிச்சனான். எனக்கு வாசிக்கத் தெரியும்" என்றாள். ஐந்து மணிக்குப் போகச் சொன்னார்கள்.

படலையடியில் மதுசிகா தனியே நிற்கவில்லை. பதினாறு பெண்கள் வீதியோரத்தில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள், துரைசிங்கம்கூடச் சற்றுத் தள்ளி, வேறு யாருக்கோ காத்திருப்பவர் மாதிரி நின்றார். மதுசிகாவின் கையைப் பிடித்தபடி இருந்தவள் திரேசாக்கா. எழும்பி, சீலையை உதறி, ஒரு சாப்பாட்டுப் பாசலை நீட்டினாள். "மன்னிச்சுப்போட்டன் எண்டு நினையாதை" என்றாள். "அவன் என்ன நிறச் சேர்ட் போட்டிருந்தவன் எண்டு மட்டும் சொல்லு."

"நீலம் அக்கா. கையை மடிச்சு விட்டிருந்தவன்."

"ஓம். அது நான் தோய்ச்சது" என்றாள் திரேசாக்கா.

ஐப்பசி மூன்றாம் தேதி மழை வந்தது. கொட்டிலின் கிடுகு முதல் நாளே ஒழுகியது, பெண்கள் தறப்பாள் பிடித்தார்கள், சட்டி வைத்தார்கள், காற்று தறப்பாளைப் பிடுங்கியது. இரண்டாம் நாள் மத்தியானத்துக்குப் பிறகு ஒருத்தி தறப்பாளின் முனையை விட்டாள், பிறகு மற்றவளும் விட்டாள். கண்ணாடிகளும் செருப்புகளும் பொய்க்காலும் ஒவ்வொன்றாய் விளிம்பு மழுங்கி, உருண்டு, சாக்குக்குள் இறங்கின. அவர்கள் நனைந்துகொண்டு நின்று ஒவ்வொன்றின் பெயரையும் சத்தமாகச் சொன்னார்கள், பெயர் தெரியாதவற்றுக்கு வரைந்த தாளின் இலக்கத்தைச் சொன்னார்கள். மூன்றாம் நாள் மூட்டை கட்ட ஆட்கள் வந்தபோது கட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. தாள்கள், இருநூற்றுப் பதினான்கும், அதற்கு முந்தைய கிழமையே பங்குச் சுவாமியின் வான் வண்டியில் பூசை உடுப்புகளுக்கு அடியில் நகரத்துக்குப் போய்விட்டன.

தை மாசம் அவற்றை ஒரு பாடசாலை மண்டபத்தில் தொங்கவிட்டார்கள். மூன்று நாள். வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றன, வருகிறவர்களின் படம் எடுக்கப்பட்டது, அப்படியும் சனம் வந்தது. சுகிர்தமலர் வரைந்த தகடு உள்சுவரில் இருந்தது. நாலு ஆணித் துவாரத்தையும் வரைந்திருந்தாள், இலக்கம் முழுதாக இருந்தது. ஒரு பத்திரிகை அதைப் படமாகப் போட்டது, பிறகு தெற்கில் ஒரு சிங்களப் பத்திரிகையும் சின்னதாகப் போட்டது.

கடைசி நாள் பின்னேரம் நாலு மணிபோல ஒரு முதியவர் வந்தார். வெள்ளைச் சாரம், தோளில் துணிப்பை, நீண்டதூரம் பயணம் செய்த கசங்கல். மற்ற எதையும் பார்க்காமல் நேரே தகட்டின் முன்னால் போய் நின்றார். நிரோசினி போய்ச் சிங்களத்தில் என்ன வேண்டும் என்று கேட்டாள். அவர் தமிழிலேயே பதில் சொன்னார், மன்னார் றூட்டில் கனகாலம் ஓடிய தமிழ்.

"இது என்ட பஸ்" என்றார். "என்ட பேர் விமலதாச. நான் ட்றைவர்."

சுவரோரம் திரேசாக்காவோடு நின்ற சுகிர்தமலர் ஓரடி முன்னால் வந்தாள். திரேசாக்கா அவளுடைய மணிக்கட்டைப் பற்றிப் பிடித்தாள், நகம் பதிகிற பிடி.

"டிப்போவில் சொன்னாங்க, பஸ் எடுத்துப் போ, ஆள் ஏத்தணும். பேப்பர் ஒண்ணும் குடுக்க இல்ல. முப்பத்தொம்பது பேர். நான் கண்ணாடியில எண்ணின, சீட் பத்தாது, நின்னாங்க. ஒரு ஆள் தண்ணி கேட்டது. குடுக்க விட இல்ல." அவர் தோள் பையை இறக்கிக் காலடியில் வைத்தார். "ஒரு இடத்துல இறக்கச் சொன்னாங்க. இறக்கின. திரும்பிப் போ, பாக்காம போ, சொன்னாங்க. போன. பதினஞ்சு வருசம் யாரும் என்கிட்ட கேக்க இல்ல."

"நீலச் சேர்ட்" என்றாள் திரேசாக்கா. "கையில மாலை சுத்தினவன். யன்னல் பக்கம்."

விமலதாச அவளைப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். ஓம் என்று தலையாட்டினால் அந்த இரண்டு பெண்களும் அந்த இடத்திலேயே அவருடைய காலில் விழுந்திருப்பார்கள்.

"முகம் ஞாபகம் இல்ல அம்மா" என்றார். "ரோட்டு ஞாபகம்."

நிரோசினி ஒரு தாளை மேசையில் விரித்து, கரித்துண்டை அவர் கையில் கொடுத்தாள். அவர் உட்கார்ந்து, பைக்குள்ளிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கையெழுத்து வைப்பவரைப் போல மிகக் கவனமாகப் பாலத்தைக் கீறினார். பாலத்திலிருந்து வலப்பக்கம். ஒரு குளக்கட்டு. இரண்டு புளியமரம், அதில் ஒன்று தலை முறிந்தது. ஒரு சோதனைச்சாவடி, கடந்து போகவிட்டார்கள். பிறகு மண்ரோடு, இடப்பக்கம் திரும்பி, காட்டுக்குள். மண்டபத்தில் நின்ற சனமெல்லாம் மேசையைச் சுற்றி வந்துவிட்டது, வாசலில் நின்ற இரண்டு பேரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். விசிறிக் காற்றில் தாள் எழும்பியது. சுகிர்தமலர் ஒரு முனையை உள்ளங்கையால் அமத்தினாள், திரேசாக்கா மறுமுனையை. கோடு தாளின் விளிம்பில் வந்து முட்டியது. விமலதாச கரித்துண்டைத் தூக்காமல் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் போகுது" என்றார்.

திரேசாக்கா இன்னொரு தாளை எடுத்து விளிம்போடு விளிம்பு பொருத்தி வைத்தாள்.